தாய்ப்பாலுக்குள் ஒரு பாக்குவெட்டி

கேள்வி: பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஐந்து மாதக் கைக்குழந்தை இருக்கிறது. அடுத்த மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதால் பாலைப் பம்ப் வைத்து எடுத்து ஃபிரிட்ஜில் வைக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. தாய்ப்பாலில் உள்ள சில எதிர்ப்பொருள்கள் நொதி மாதிரி வேலை செய்கின்றனவாம், டிஎன்ஏவையே வெட்டுமாம். தேடிப் பார்த்தேன். நோய் எதிர்ப்பு அமைப்பு சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் நோய் உள்ளவர்களின் ரத்தத்திலும் அதே வகை இருப்பதாகப் போட்டிருக்கிறது. என் அக்காவுக்கு லூபஸ் உண்டு. எனக்கும் வரப்போகிறது என்பதற்கு இது அறிகுறியா? என் பால் குழந்தையின் டிஎன்ஏவை ஏதாவது செய்துவிடுமா? எடுத்து வைக்கும் பாலைக் காய்ச்சிக் கொடுத்துவிட்டால் வம்பில்லை என்கிறார் மாமியார். அப்புறம், எதிர்ப்பொருள் வேறு, நொதி வேறு என்றுதானே இத்தனை வருடமாகப் பாடம் நடத்துகிறேன்? அது தப்பா?
(பெயர் வேண்டாம், ஈரோடு)

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், விளக்கத்தை ஆற அமரப் படிக்கலாம். உங்கள் பால் குழந்தையின் டிஎன்ஏவை ஒன்றும் செய்யாது. பாலில் இந்த எதிர்ப்பொருள்கள் இருப்பது லூபஸின் அறிகுறி அல்ல. ஆரோக்கியமான தாய்மார்களின் பாலில்தான் அவற்றைக் கண்டெடுத்தார்கள். பாலைக் காய்ச்ச வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் வந்தது முழுப் பொய்யும் இல்லை. அதனால்தான் பதில் கொஞ்சம் நீள்கிறது.

நீங்கள் நடத்தும் பாடத்திலிருந்தே தொடங்குவோம். எதிர்ப்பொருளின் வேலை பிடிப்பது. அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் இடுக்கியைப் போல. இடுக்கி பாத்திரத்தைப் பிடிக்கும், பாத்திரத்துக்கு ஒன்றும் ஆகாது. கிருமியைப் பிடித்து நிறுத்துவதோடு எதிர்ப்பொருளின் வேலை முடிந்தது. கொல்வதும் விழுங்குவதும் வேறு ஆட்களின் பொறுப்பு. நொதியோ பிடித்ததை மாற்றிவிடும். வெட்டும், ஒட்டும், பிறகு கையை உதறிக்கொண்டு அடுத்ததற்குப் போகும். நொதியும் முதலில் பிடிக்கத்தானே வேண்டும்? பாட்டி வீட்டுப் பாக்குவெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கைகளுக்கு நடுவே கொட்டைப்பாக்கைப் பிடிக்கும் மட்டும் அதுவும் இடுக்கிதான். பிடித்த இடத்தில் ஓர் அலகு இருப்பதால் பாக்கு துண்டாகிறது. இடுக்கிகளைக் கோடிக்கணக்கில், ஆயிரமாயிரம் வடிவங்களில் செய்துகொண்டே இருக்கும் பட்டறை நம் உடம்பு. அதில் சிலவற்றில் தற்செயலாக ஓர் அலகு அமைந்துவிடுவதில் வியப்பில்லை. அப்படிப்பட்டவற்றுக்கு ஆன்டிபாடி, என்சைம் இரண்டையும் ஒட்டி அப்சைம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இப்படி ஒன்று இருக்க முடியும் என்ற எண்ணத்துக்கு வயது அதிகம். 1940களில் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் ஒரு கருத்தைச் சொன்னார். கரும்பை முழங்காலில் வைத்து ஒடிக்கும்போது, ஒடிவதற்குச் சற்று முன் அது வில்லாக வளைந்து நிற்குமல்லவா, நொதியின் குழி அந்த வளைந்த கரும்புக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும், நேரான கரும்புக்கு அல்ல என்பது அவர் வாதம். நேரான கரும்பு உள்ளே வந்தால் வளைந்தாக வேண்டும், வளைந்தால் ஒடிந்தாக வேண்டும். 1969இல் வில்லியம் ஜெங்க்ஸ் என்ற உயிர்வேதியியலாளர் இதை எதிர்ப்பொருளோடு முடிச்சுப் போட்டார். வளைந்த கரும்பைப் போலவே இருக்கும், ஆனால் ஒடியாத ஒரு பொருளைச் செய்து அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கினால், அந்த எதிர்ப்பொருள் உண்மையான கரும்பை ஒடிக்குமே என்றார். சொன்னபடி செய்து காட்டப் பதினேழு வருடம் ஆனது. 1986இல் கலிபோர்னியாவில் ரிச்சர்ட் லெர்னரின் குழுவும் பீட்டர் ஷுல்ட்ஸின் குழுவும் தனித்தனியாக அதைச் செய்தன.

அதெல்லாம் ஆய்வகத்தில் வேண்டுமென்றே உண்டாக்கியவை. மனித உடம்பிலேயே இயல்பாக உண்டு என்று 1989இல் காட்டியவர் சுதிர் பால் என்ற ஆய்வாளர். ரத்தக் குழாயை விரிவாக்கும் ஒரு குட்டிப் புரதம் இருக்கிறது. 28 அமினோ அமிலங்கள் கோத்த சரம். சிலருடைய ரத்தத்தில் இருந்த எதிர்ப்பொருள் அந்தச் சரத்தைப் பதினாறாவது மணிக்கும் பதினேழாவது மணிக்கும் நடுவே வெட்டியது. 1992இல் மாஸ்கோவில் அலெக்சாண்டர் கபிபோவின் குழு லூபஸ் நோயாளிகளின் ரத்தத்தில் டிஎன்ஏவை வெட்டும் எதிர்ப்பொருளைக் கண்டது. நீங்கள் இணையத்தில் படித்தது இதன் வழிவந்த செய்தி.

பாலுக்கு வருவோம். தாய்ப்பால் அப்சைம்கள் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஒரே ஊரிலிருந்து வந்தது: சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க். அங்கே கியோர்கி நெவின்ஸ்கியும் அவருடைய சகாக்களும் 1990களிலிருந்து இதையே நோண்டிக்கொண்டிருக்கிறார்கள். முதலில் அகப்பட்டது, பாலின் முக்கியப் புரதமான கேசினில் பாஸ்பேட்டை ஒட்டும் எதிர்ப்பொருள். பிறகு டிஎன்ஏவையும் அதன் நெருங்கிய உறவான ஆர்என்ஏவையும் வெட்டுபவை. அப்புறம் மாவுச்சத்துச் சங்கிலியை அறுப்பவை. எல்லாம் நோய் நொடி இல்லாத தாய்மார்களின் பாலில்.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் எழுந்தது சந்தேகம்தான். உயிர்வேதியியல்காரர்களின் தொழில் வியாதி அது. தாய்ப்பாலில் உண்மையான நொதிகளே ஏராளம். கொழுப்பை உடைக்கும் லைபேஸ், மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ், பாக்டீரியாவின் சுவரைக் கரைக்கும் லைசோசைம், ஆர்என்ஏவை வெட்டும் நொதிகள் என்று ஒரு பட்டாளமே இருக்கிறது. பாலிலிருந்து எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கும்போது, பத்தாயிரம் எதிர்ப்பொருளுக்கு ஒரே ஒரு நொதி மூலக்கூறு ஒட்டிக்கொண்டு வந்தாலும் போதும். வெட்டியது அதுவாக இருக்கும், பெயர் எதிர்ப்பொருளுக்குப் போகும். கல்யாண வீட்டில் சமைத்தவர் ஒருவர், பாராட்டு வாங்குபவர் வேறொருவர் என்பது மாதிரி.

இந்தச் சந்தேகம் அந்தக் குழுவுக்கும் இருந்திருக்கிறது. அதை அவர்கள் கையாண்ட விதத்தை என் மாணவர்களுக்குத் தனியாகவே சொல்வேன். முதலில் எதிர்ப்பொருளை எலுமிச்சைச் சாறு அளவுக்குப் புளிப்பான கரைசலில் போட்டுச் சல்லடை போன்ற ஒரு குழாய் வழியே ஓடவிட்டார்கள். சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் எதுவும் அந்தப் புளிப்பில் கழன்றுவிடும். கழுவி எடுத்த பிறகும் வெட்டும் திறன் எதிர்ப்பொருளோடேயே வந்தது. அடுத்தது இன்னும் அழகான சோதனை. கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஊற்றி உறையவைக்கும் ஜெல்லை எங்கள் ஆய்வகத்தில் நீங்கள் பார்த்திருந்தால் பாயசத்து ஜவ்வரிசி உறைந்தது போல இருக்கிறதே என்பீர்கள். அந்த ஜெல்லுக்குள்ளேயே டிஎன்ஏவைக் கலந்து உறையவைக்கிறார்கள். எதிர்ப்பொருளை ஒரு சோப்புக் கரைசலில் கலந்து மேலிருந்து மின்சாரத்தால் ஓட்டுகிறார்கள். சிறிய புரதம் வேகமாகக் கீழே ஓடிவிடும், பெரியது மேலேயே தங்கும். டிஎன்ஏவையோ ஆர்என்ஏவையோ வெட்டும் சாதாரண நொதியைவிட எதிர்ப்பொருள் பல மடங்கு பெரியது, அதனால் இரண்டும் ஒரே இடத்தில் நிற்க வழியே இல்லை. பிறகு சோப்பைக் கழுவிவிட்டு, ஜெல்லைக் கரைசலில் ஊறப்போட்டு, டிஎன்ஏவில் ஏறும் சாயத்தைக் கொட்டிப் புற ஊதா விளக்கின் அடியில் வைத்தால் ஜெல் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். டிஎன்ஏ வெட்டுப்பட்ட இடம் மட்டும் கருப்பாகத் தெரியும். அந்தக் கருப்புப் பட்டை எதிர்ப்பொருள் நின்ற இடத்தில்தான் விழுந்தது. நொதி நிற்க வேண்டிய கீழ்ப்பகுதியில் ஒன்றும் இல்லை.

இதற்கு மேல் பிடிவாதமாகச் சந்தேகப்பட எனக்கு முகாந்திரம் இல்லை. வெட்டுவது எதிர்ப்பொருள்தான்.

ஆனால் சோதனைக் குழாயில் வெட்டுவது ஒன்று, குழந்தையின் வயிற்றில் அதனால் ஒரு பயன் விளைவது இன்னொன்று. இங்கேதான் செய்தி பரப்புகிறவர்கள் எகிறிக் குதித்துவிடுகிறார்கள். பொதுவாக அப்சைம்கள் மந்தமானவை. அதே வேலையைச் செய்யும் அசல் நொதியோடு ஒப்பிட்டால் பல நூறு மடங்கு, சில சமயம் பல ஆயிரம் மடங்கு மெதுவாக வேலை செய்பவை. மாவுச்சத்தை அறுக்கும் எதிர்ப்பொருள் குழந்தையின் செரிமானத்துக்கு உதவும் என்று சொன்னால், பாலில் அமைலேஸ் நொதியே தனியாக இருக்கும்போது இந்த மந்தக்காரன் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. கேசினில் பாஸ்பேட் ஒட்டுவதும் அப்படியே. அந்த வேலையை மார்பகச் செல்களே பால் சுரக்கும் முன் முடித்துவிடுகின்றன. டிஎன்ஏ, ஆர்என்ஏ வெட்டுவதால் வைரஸ்களை அழிக்கும் என்றும் எழுதுகிறார்கள். வைரஸின் மரபுப்பொருள் புரத உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. உறை கிழியாமல் அலகு எப்படி எட்டும்? செத்த கிருமிகளும் செல்களும் சிந்திய டிஎன்ஏவைத் துப்புரவு செய்வதில் அவற்றுக்கு ஒரு பங்கு இருக்கலாம். அந்த அளவுக்கு நான் ஒத்துக்கொள்வேன்.

அவை வெட்டாவிட்டாலும் குடி முழுகாது. பிடிப்பதே பெரிய வேலை. தாய்ப்பாலில் உள்ள எதிர்ப்பொருளில் பத்தில் ஒன்பது பங்கு சுரப்பு ஐஜிஏ என்ற வகை. இரண்டு எதிர்ப்பொருளை முதுகோடு முதுகாகக் கோத்து, செரிமானத்தில் சிதையாதபடி மேலே ஓர் உறை சுற்றி அனுப்புகிறது உடம்பு. பிரசவமான முதல் ஓரிரு நாளில் வரும் மஞ்சள் பாலில் லிட்டருக்குப் பத்து கிராம் அளவில்கூட இருக்கும். சில வாரங்களில் அது ஏறக்குறைய ஒரு கிராமுக்கு வந்துவிடும். குறைந்துவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். குழந்தை அதற்குள் நாளுக்கு முக்கால் லிட்டர் குடிக்கத் தொடங்கியிருக்கும். இந்த எதிர்ப்பொருள்கள் எந்தக் கிருமிக்கு எதிரானவை என்பது இன்னும் சுவாரசியம். உங்கள் குடலும் நுரையீரலும் சந்தித்த கிருமிகளைப் பார்த்துப் பழகிய வெள்ளணுக்கள் அங்கிருந்து கிளம்பி மார்பகத்தில் வந்து குடியேறி, அதே கிருமிகளுக்கான எதிர்ப்பொருளைப் பாலில் விடுகின்றன. உங்கள் வீட்டில், உங்கள் வகுப்பறையில் சுற்றும் கிருமிகளுக்கேற்ற பால் அது. அதனால்தான் உங்களுக்குச் சளி பிடித்தாலும் பாலை நிறுத்தாதீர்கள் என்கிறோம்.

சரி, டிஎன்ஏ பயம். குழந்தையின் டிஎன்ஏ செல்லின் உட்கருவுக்குள் இருக்கிறது. பாலில் வரும் ஐஜிஏ குடலின் உட்பரப்பில் பூச்சாகப் படிந்து நிற்கும், உள்ளே ரத்தத்துக்குப் போவது மிகமிகச் சொற்பம். கொஞ்சம் சிதையாமல் மலத்திலேயே வெளியேறிவிடும். இதில் மாடும் மனிதரும் நேரெதிர். கன்றுக்குக் கருப்பையில் எதிர்ப்பொருள் கிடைப்பதில்லை. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலிலிருந்து குடல் அதை முழுசாக உறிஞ்சி ரத்தத்தில் ஏற்றிக்கொள்ளும். நம் குழந்தைக்கு ரத்தத்தில் வேண்டிய எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகப் பிறப்பதற்கு முன்பே வந்து சேர்ந்துவிடும். பால் வழியே வருவது குடலுக்கான காவல். அப்புறம், டிஎன்ஏவை வெட்டுவது குடலுக்குப் புதிதில்லை. நாம் தின்னும் கீரையிலும் மீனிலும் டிஎன்ஏ இருக்கிறது, உங்கள் பாலிலேயே உங்கள் உயிருள்ள செல்கள் மிதக்கின்றன. அவற்றின் டிஎன்ஏவையெல்லாம் வெட்டுவதற்கென்றே கணையம் வாழ்நாள் முழுதும் நொதியைக் கொட்டிக்கொண்டிருக்கிறது, அந்த எதிர்ப்பொருளைவிடப் பன்மடங்கு கூர்மையான நொதி. அதனால் யாருடைய மரபணுவும் கெட்டதில்லை.

அக்காவின் விஷயம். லூபஸில் பிரச்சினை வெட்டுவது மட்டுமல்ல. சொந்த டிஎன்ஏவுக்கே எதிர்ப்பொருள் உண்டாகி, இரண்டும் கோத்துக்கொண்டு ரத்தத்தில் சுற்றிச் சிறுநீரகம் போன்ற இடங்களில் போய்ப் படிந்து அழற்சியைக் கிளப்புவதுதான் முக்கியமான சேதம். உங்கள் பாலில் இருப்பது வேறு இடம், பெரும்பாலும் வேறு வகை எதிர்ப்பொருள். கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் நோய் எதிர்ப்பு அமைப்பு பெரிய மாற்றங்களுக்கு உள்ளாவதால் ஆரோக்கியமான பெண்ணிடமும் இவை தலைகாட்டுகின்றன என்பது நோவோசிபிர்ஸ்க் குழுவின் விளக்கம். பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்குத் தைராய்டு அழற்சி வந்து போவதை மருத்துவர்கள் வழக்கமாகப் பார்க்கிறார்கள், ஆகவே அந்த விளக்கம் எனக்கு வெறும் ஊகமாகப் படவில்லை. எப்படியானாலும் பாலைச் சோதித்து லூபஸைக் கண்டுபிடிக்கும் முறை எதுவும் கிடையாது. அக்காவுக்கு இருப்பதால் உங்களுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் என்பது உண்மை, அது பாலோடு சம்பந்தப்பட்டதில்லை. வாரக்கணக்கில் தொடரும் மூட்டு வலியும் வீக்கமும், வெயில் பட்டால் கன்னத்தில் தடிப்பு, ஓயாத வாய்ப்புண், காரணமில்லாத காய்ச்சல், முகமும் காலும் வீங்குதல், இப்படி ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் அக்காவின் நோயைச் சொல்லி ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கக் கேளுங்கள். ஒன்றும் இல்லையென்றால் இந்தக் கேள்வியை இதோடு விடுங்கள். அக்காவுக்கே நாளை குழந்தை பிறந்தாலும் பால் கொடுக்க முடியாது என்றில்லை. லூபஸுக்கு வழக்கமாகத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் பாலூட்டும்போது எடுக்கக்கூடிய மருந்துதான். மற்ற மருந்துகளை அவருடைய மருத்துவர் பார்த்துச் சொல்வார்.

வகுப்பில் என்ன சொல்வது? இப்போது சொல்வதையே சொல்லுங்கள். பத்தாம் வகுப்புக்கு அது சரியான பாடம். யாராவது ஒரு பையனோ பெண்ணோ ‘எதிர்ப்பொருள் எதையும் வெட்டவே வெட்டாதா டீச்சர்?’ என்று கேட்டால் பாக்குவெட்டியை எடுத்துவிடுங்கள். இந்தத் தலைமுறைக்குப் பாக்குவெட்டியையே முதலில் விளக்க வேண்டியிருக்கும், அது வேறு கதை.

கடைசியாக மாமியாருடன் நடத்த வேண்டிய பேச்சுவார்த்தை. மாட்டுப் பாலைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது என்று வாழ்ந்த தலைமுறை, அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. மாட்டுப் பாலில் மாட்டுக்காரர் கை, பாத்திரம், தொழுவம் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. உங்கள் பால் உங்களிடமிருந்து உங்கள் குழந்தைக்குப் போகிறது. காய்ச்சினால் என்ன ஆகும் என்பதை அவருக்குத் தெரிந்த உதாரணத்தாலேயே சொல்லலாம். மாடு கன்று போட்டதும் சீம்பாலை வெல்லமும் ஏலக்காயும் போட்டு அடுப்பில் வைத்தால் முட்டை போலத் திரண்டு கட்டியாகுமே, பிறகு வரும் பால் அப்படித் திரள்வதில்லையே, ஏன்? சீம்பாலில் எதிர்ப்பொருள் அவ்வளவு அதிகம். சூட்டில் திரளும் புரதத்தில் அதற்குப் பெரிய பங்கு. திரண்ட எதிர்ப்பொருள் எதையும் பிடிக்காது, வெட்டவும் வெட்டாது. தின்ன ருசியாக இருக்கும், அவ்வளவுதான். உங்கள் பாலைக் காய்ச்சினால் கண்ணுக்குக் கட்டி தெரியாது, உள்ளே நடப்பது அதுவே.

தாய்ப்பால் வங்கிகளில் பாலைச் சூடாக்குகிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். அது இன்னொரு தாயின் பால், குறைமாதக் குழந்தைக்குப் போகிறது, அதனால் 62.5 டிகிரியில் 30 நிமிடம் வைக்கிறார்கள். அங்கேயே எதிர்ப்பொருளில் ஒரு பகுதி குறைகிறது, லைபேஸ் முழுக்கச் செயலிழக்கிறது. கிருமி போக வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே கொடுக்கும் விலை. நீங்கள் அந்த விலையைக் கொடுக்கத் தேவையில்லை.

கை கழுவி, பம்பின் பாகங்களைச் சுத்தமாக வைத்து எடுத்தால் போதும். அறை வெப்பம் 25 டிகிரிக்குள் இருந்தால் நான்கு மணி நேரம் வெளியே தாங்கும் என்பது கணக்கு. ஈரோட்டுச் சித்திரை வெயிலுக்கு அந்தக் கணக்கு செல்லாது, எடுத்த உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். பள்ளியிலிருந்து வருவதற்கு ஐஸ் கட்டியோடு ஒரு சின்னப் பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜின் உள்பக்கத்தில் நான்கு நாள், கதவில் வேண்டாம். ஃபிரீசரில் ஆறு மாதத்துக்குள் பயன்படுத்துவது நல்லது. உறைந்த பாலை ஃபிரிட்ஜில் வைத்து இளக்கினால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், திரும்ப உறையவைக்கக் கூடாது. கொடுக்கும் முன் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அதில் பால் பாத்திரத்தை வைத்தால் ஆயிற்று. மைக்ரோவேவ் கூடாது, ஒரு மூலை கொதிக்கும், ஒரு மூலை சில்லென்றிருக்கும். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

இரண்டு மூன்று நாள் ஃபிரிட்ஜில் இருந்த பாலில் லேசாகச் சோப்பு வாடை வந்தால் கெட்டுப்போனது என்று மாமியார் கொட்டிவிடப் போகிறார், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அது பாலிலுள்ள லைபேஸ் நொதி குளிரிலும் சும்மா இராமல் கொழுப்பை உடைத்ததால் வரும் வாடை. பெரும்பாலான குழந்தைகள் பொருட்படுத்தாமல் குடித்துவிடும். உங்கள் குழந்தை முகத்தைச் சுளித்தால் அன்றன்று எடுத்த பாலை மறுநாளே கொடுத்துத் தீர்த்துவிடுங்கள். புளித்த வாடை என்றால் மட்டும் கொட்டுங்கள்.

பாக்கெட்டின் மேல் தேதியோடு நேரத்தையும் எழுதி, பழையதை முன்வரிசையில் வையுங்கள். மாமியாருக்கு எந்தப் பாக்கெட்டை எடுப்பது என்று யோசிக்க வேண்டியிருக்காது.